பொடி டப்பாவில் ஒரு சிரசு

புதுக்கோட்டைச் சீமைக்குப் பிரயாணம் புறப்படுகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தையோ, குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையோ, திருமயம் கோட்டையையோ உத்தேசித்துப் புறப்படுவதுதான் வழக்கம். நானோ, பொடி போடும் பழக்கத்தை விட்டுப் பல வருஷங்கள் ஆன பின்னும் விட மனமில்லாமல் வைத்திருந்த ஒரு பித்தளை டப்பாவில் பஞ்சு பரப்பி, அந்தப் பஞ்சின் மேல் தலை வேறு முண்டம் வேறாகக் கிடந்த ஒரு சிப்பாயைப் படுக்கவைத்து, அவனுக்குச் சிரசு பொருத்தும் உபாயத்தைத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்ற சங்கற்பத்தோடு, சென்ற பங்குனி மாதத்தில் சென்னையிலிருந்து ரயிலேறினேன்.

சிப்பாயின் பூர்வ கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பேரனுக்குப் படிப்பு நேரம் போக மிஞ்சிய பொழுதெல்லாம் யுத்தகாலத்து டாங்கிகளையும் வீரர்களையும் சிற்றுருவமாகச் செய்து வர்ணம் தீட்டுவதில் கழிகிறது. நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பது அவன் கைக்கொண்டிருக்கும் பிரமாணம். அந்தக் கணக்கின்படி ஐந்தே முக்கால் அடி ஆள் ஐந்து சென்டிமீட்டராகக் குறுகி, அவன் தலை ஒரு நெல்மணியளவில் வந்து நிற்கும். அவன் மேஜையின் மேல் ஒரு சாண் அகலப் பலகையில் 1942ஆம் வருஷத்து வட ஆப்பிரிக்கப் பாலைவனம் விரிந்திருந்தது. மணலில் ஓர் ஆங்கிலேய டாங்கி. அதன் நிழலில் அடுப்பு. அடுப்பண்டை ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் தேநீர்க் குவளையை யாருக்கோ நீட்டியபடி குந்தியிருந்தான். பெட்டியில் வந்த உருவங்கள் எல்லாமே இரும்புத் தொப்பி தரித்த வெள்ளைக்கார முகங்கள். ஆனால் அந்த யுத்தம் முடியும் தறுவாயில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள் என்றும், எல் அலமெய்ன் களத்தில் இந்தியாவின் நான்காவது டிவிஷனும் நின்றது என்றும் எங்கோ படித்துவிட்ட பையன், நம்மவன் ஒருவனாவது அங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு சிப்பாயின் தலையைக் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டு, தலைப்பாகையும் தாடியுமாகத் தனியே விற்கும் ரெசின் தலை ஒன்றை வரவழைத்து ஒட்டியிருந்தான். உடுப்பை மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காக்கிச் சட்டையும் அரைக்கால் சராயும் இரு சாராருக்கும் பொதுவாகவே இருந்தன. சிரசு ஒன்று மாறியதும் ஆள் மாறிவிட்டான்.

உடலோடு வரும் தலை இருக்கத் தனித் தலையை ஏன் விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டபோது, பையன் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெட்டியில் வரும் உருவங்கள் எஃகு அச்சில் வார்க்கப்படுகின்றன, எஃகு விட்டுக்கொடுக்காது, ஆகையால், அச்சிலிருந்து உருவம் தடையின்றிக் கழன்று வருவதற்காக, காதின் மடிப்பு, மோவாயின் அடிப்புறம், தொப்பி விளிம்பின் உட்குழிவு முதலிய நுட்பங்களையெல்லாம் மழுக்கிவிட வேண்டியிருக்கிறது. ரெசின் தலைகளோ ரப்பர் போன்ற சிலிகோன் அச்சில் வார்க்கப்படுபவை. அந்த அச்சு வளையும், விரியும், தலையை வெளியே விட்டுவிட்டு மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதனால் நெற்றிச் சுருக்கம்வரை எல்லாம் கூர்மையாக அமைகின்றன. இளகிக் கொடுப்பதுதான் அதிகத்தைத் தாங்கிக்கொள்கிறது என்ற இந்தச் செய்தியை, பிடிவாதக்காரர்கள் நிறைந்த எங்கள் குடும்பத்தில் நான் இரண்டொரு முறை எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

விபத்து என்னால் நேர்ந்தது. அந்தத் தாடியைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையால், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிப்பாயைத் தூக்கினேன். என் கட்டைவிரல் பட்டதோ இல்லையோ, தலை தெறித்து மேஜைக்கடியில் உருண்டது. அரைமணி நேரம் இருவரும் தவழ்ந்து தேடிக் கண்டெடுத்தோம். பையன் கோபிக்கவில்லை, உடனே ஒட்டிக்கொள்ளும் அந்தப் பசை இழுப்பைத் தாங்குமே தவிர பக்கவாட்டில் பட்ட தட்டைத் தாங்காது என்றும், வார்ப்படத்தின் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பு நீரில் தலையைக் கழுவாமல் ஒட்டியது தன் பிழை என்றும், கழுத்திலும் தலையிலும் மயிரிழைத் துளையிட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகியிருக்க வேண்டும் என்றும் தன்னையே குறை சொல்லிக்கொண்டான். “குதிரைக்குத் தலை வைக்கிறவர்கள் உள்ள ஊருக்குத்தானே தாத்தா போகிறீர்கள், கேட்டுவிட்டு வாருங்கள்” என்று அவன் விளையாட்டாகச் சொன்ன வார்த்தையை நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன்.

திருச்சிராப்பள்ளியில் இறங்கித் தெற்கே பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் புதுக்கோட்டை. கீரனூரைத் தாண்டியதும், யானைகள் படுத்திருப்பதுபோல் வழவழத்த நார்த்தாமலைப் பாறைகள் கண்ணில் படுகின்றன. செம்மண்ணும், செம்பாறையும், முந்திரித் தோப்பும், தைலமரக் காடும், இடையிடையே நீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த கண்மாய்களுமாக விரிந்து கிடக்கும் அந்தப் பூமியில் வருஷம் முழுவதும் ஓடும் நதி என்று ஒன்றில்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழையை நம்பிய ஆறுகள். ஆகவே ஊருக்கு உயிர் கண்மாய். கண்மாய்க் கரையைக் காப்பவர் ஐயனார். ஐயனார் இராக்காலத்தில் ஏறிச் சுற்றுவதற்குக் குதிரை. அந்தக் குதிரைக்கு மண் கொடுப்பதும் அதே கண்மாய். தொண்டைமான்கள் ஆண்ட இந்தச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்து, பிறகு 1974 ஜனவரியில் தனி ஜில்லாவாயிற்று. அரசர் போனாலும், கலெக்டர் வந்தாலும், இந்தச் சக்கரம் மட்டும் அதன் போக்கில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் பெரியதைப் பார்த்துவிடுவோம் என்று ஆலங்குடி வழியாகக் கீரமங்கலத்துக்கு அண்மையிலுள்ள குளமங்கலத்துக்குப் போனேன். பெருங்காரையடி மீண்ட ஐயனார் என்பது அங்குள்ள தெய்வத்தின் திருநாமம். காரைமரம் பெயரிலேயே வேரூன்றி நிற்கிறது. வில்லுனி ஆற்றங்கரையில், கோயிலுக்கு முன்னால், முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பாயும் நிலையில் முப்பது அடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது ஒரு குதிரை. மாசி மகத் திருவிழாவில் ஆயிரக்கணக்கான காகிதப் பூ மாலைகளை அதன் மேல் சாத்துவது வழக்கம். நான் போனபோது திருவிழா முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தபடியால், ரோஜா நிறமும் பச்சையும் மஞ்சளுமாக இருந்திருக்க வேண்டிய மாலைகள் வெயிலில் வெளுத்துக் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன் சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பேரன் உலகத்தை முப்பத்தைந்தால் வகுக்கிறான். இந்த ஊரார் தங்கள் பக்தியால் அதைப் பெருக்கியிருக்கிறார்கள். இரண்டு கணக்கிலும் அளவு குறைவதோ கூடுவதோ உடம்புக்குத்தான் என்றும், பார்க்கிறவன் கண் முதலில் போய் நிற்பது இரண்டிலும் முகத்தில்தான் என்றும் தோன்றிற்று. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் அந்தப் பெரிய குதிரை கட்டி எழுப்பியது. அதன் தலை யாரும் தூக்கிவைத்த தலையன்று. தலை வைப்பதைப் பார்க்க, மண்குதிரை செய்யும் குயவரான வேளாரைத்தான் தேடிப் போக வேண்டும். பிரதான சாலையிலிருந்து பிரிந்த ஒரு சிற்றூரில், ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் விழாவான புரவி எடுப்புக்காகக் குதிரை செய்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்கு உள்ளூர் நண்பர் என்னை அழைத்துச் சென்றார். இந்தக் காரியம் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதைப் போன்றதன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, கண்மாயிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் என்ற அந்தச் சடங்கு நடந்த பிறகுதான் வேலை ஆரம்பமாகிறது. குதிரை முடிந்ததும் ஊரே திரண்டு வந்து, அதை வேளார் வீட்டிலிருந்து மேளதாளத்தோடு சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகிறது.

எழுபதைத் தாண்டிய வேளார், திண்ணையில் பாய் விரித்து, “வாங்கய்யா, இப்படி நெழல்ல உக்காருங்க” என்று உபசரித்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார். முற்றத்தில் ஆள் உயரக் குதிரை ஒன்று கழுத்துவரை எழும்பி, தலையில்லாமல் நின்றது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்த மண். மணல் சேர்ந்தால் காயும்போது சுருக்கம் குறையும். உமி சூளையில் எரிந்துபோய் விட்டுச் செல்லும் நுண்துளைகள் வழியே வெப்பம் உள்ளே ஊடுருவும். கால்கள் நான்கும் உள்ளே கூடான உருளைகள். அவை பாரம் தாங்குமளவு இறுகிய பிறகே வயிறு. வயிறு இறுகிய பிறகே முதுகு. முதுகுக்குப் பிறகே கழுத்து. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரத்தை அடுக்கினால் முழுவதும் உட்கார்ந்துவிடும். அதிகம் காயவிட்டாலோ மேலே வைப்பது ஒட்டாமல் விண்டுபோகும். ஆகையால் குதிரை முழுவதும் வெயிலில் உலர்ந்துகொண்டிருக்க, அறுபட்ட கழுத்தின் வாய்க்கு மாத்திரம் நனைத்த சாக்கு ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார். தாழ்வாரத்தில் இன்னொரு நனைந்த சாக்குக்கடியில் தலை காத்திருந்தது.

வேளாரின் மகன் சாக்கை அவிழ்த்ததும், பெரியவர் இரண்டு விளிம்புகளையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். தலையின் விளிம்பு கொஞ்சம் அதிகம் இறுகியிருந்தது போலும். நீர் தெளித்து, இன்னும் கால்மணி நேரம் பொறுக்கச் சொன்னார். நான் காரணம் கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் ஒரே ஈரமா இருக்கணும்ங்கய்யா. ஒண்ணு காஞ்சு ஒண்ணு நனைஞ்சு இருந்தா, இன்னிக்கு ஒட்டுன மாதிரி தெரியும். நாலு நாள் கழிச்சு, காயுறபோது ஆளுக்கு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு விரிசல் விட்டுரும்.”

கால்மணிக்குப் பிறகு மூங்கில் சிம்பினால் இரண்டு விளிம்புகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். அந்தக் கீறல்களில் மண்குழம்பைத் தடவினார். மகனும் இன்னொருவருமாகத் தலையைத் தூக்கிக் கழுத்தின் மேல் இறக்கியதும், மகன் குதிரையின் திறந்த வாய்க்குள் கையை விட்டு உள்ளிருந்து அமுக்க, பெரியவர் வெளியிலிருந்து மரத்தட்டினால் மெல்லத் தட்டினார். உள்ளே ஒரு கை தாங்க, வெளியே ஒரு கை தட்ட, இரண்டு கைகளுக்கு நடுவே அந்த இணைப்பு ஒரே சுவராக மாறிற்று. பிறகு கயிறு போல் உருட்டிய மண்ணைச் சுற்றிலும் வைத்து இழைத்து, அதன் மேல் மணிமாலையை ஒட்டிவிட்டார். பேரனுடைய பித்தளைக் கம்பி இங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த மகனின் கைதான் கம்பி என்று புரிந்தது. வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும் கம்பி. கை போன வாய் அப்படியே திறந்திருக்க வேண்டுமாம்; உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் சூளையில் குதிரை வெடித்துவிடும்.

ஆனால் மண் இறுகுவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருவரை பின்னுக்கு நடந்துபோய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு குதிரையைப் பார்த்தார். “எடது பக்கம் ஒரு விரக்கடை திருப்புடா” என்றார். திருப்பியதும் மறுபடி பார்த்தார். “கொஞ்சம் மேல தூக்கு. போதும்.” அருகே வந்து உட்கார்ந்தவரிடம், எதைப் பார்த்து அந்த ஒரு விரற்கடையைத் தீர்மானித்தீர்கள் என்று கேட்டேன்.

“சாமி ஏறிப் போற பாதை இருக்குல்லங்க, அதை இது பாக்கணும். கோயில்ல இது எந்த எடத்துல நிக்கப்போகுதுன்னு எனக்குத் தெரியும். ஒட்டுறது சின்னப் பயலும் ஒட்டிருவான். எங்க பாக்குதுன்னு தெரியாம ஒட்டுனா, அது சும்மா மண்ணாத்தான் நிக்கும்.”

மாலையில் அவரோடு ஊர் எல்லையிலுள்ள ஐயனார் கோயிலுக்கு நடந்தேன். மரங்களடர்ந்த அந்தச் சோலையில் பல தலைமுறைக் குதிரைகள் வரிசை குலைந்து நின்றன. அண்மையில் வந்தவற்றின் வர்ணம் இன்னும் மங்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் வர்ணம் போனவை. அதற்கும் பின்னால் காது போனவை, கால் போனவை. கடைசியில் சருகுக்குள் பாதி புதைந்து, கண்ணைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்த தலைகள். அவற்றில் ஒன்று சிறிதும் சிதையாமல் அழகாக இருக்கவே, இதை எடுத்துத் தலையிழந்த ஏதேனும் ஒரு குதிரைக்கு வைத்துவிடலாகாதா என்று கேட்டேன். வேளார் சிரித்தார்.

“சுட்ட மண்ணு தண்ணியக் குடிக்குமே தவிர, மறுபடி களிமண்ணா ஆவாதுங்கய்யா. அப்புறம், பின்னமானதுக்கு நாங்க ஒட்டுப் போடுறதும் இல்லை. அதது மண்ணுக்குப் போகட்டும். ஊர்ல கேட்டா, புதுசு செஞ்சு குடுப்போம்.”

அந்தி மங்கும் அவ்விடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நம்முடைய புராணங்கள் எத்தனை தலைகளை மாற்றிப் பொருத்தியிருக்கின்றன என்று மனம் கணக்கெடுக்கத் தொடங்கிற்று. தக்ஷனுக்கு ஆட்டுத்தலை, விநாயகருக்கு ஆனைமுகம். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கேள்விகளிலே, இரண்டு ஆடவரின் தலைகள் அவசரத்தில் உடல் மாறிப் பொருந்திவிட்டபோது எவன் அந்தப் பெண்ணின் புருஷன் என்ற கேள்வியும் ஒன்று. தலைக்குரியவனே புருஷன் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். ரேணுகையின் தலையும் வேறொரு பெண்ணின் உடலும் சேர்ந்ததனால் மாரி பிறந்தாள் என்று நம் கிராமங்கள் நம்புகின்றன. வேலூர் ஜில்லாவிலுள்ள குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளன்று கெங்கையம்மனின் சிரசைத் தெருத் தெருவாக ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோயிலில் உடலோடு பொருத்திக் கண் திறக்கும் வைபவத்தைக் காண லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். இவ்வளவையும் கேட்டு வளர்ந்த தேசத்தில் பிறந்த ஒரு சிறுவன், ஆங்கிலேயன் உடலில் தலைப்பாகைச் சிரசை வைத்து அவனை நம்மவனாக்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? விக்கிரமாதித்தன் தீர்ப்பைத்தான் அவனும் கொடுத்திருக்கிறான். ஆனால் ராஜாவோ வேதாளமோ கேட்க மறந்த ஒன்றை இந்த வேளார் கேட்கிறார்: வைத்த தலை எதைப் பார்க்கிறது?

திரும்பி வந்து விடைபெறும்போது, தயக்கத்தோடு டப்பாவைத் திறந்து காட்டினேன். வேளார் அதை விளக்கடியில் கொண்டுபோய், உள்ளங்கையில் பஞ்சோடு எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். களிமண் காய்ந்து வெடித்திருந்த அந்தப் பெரிய விரல்களுக்கிடையே நெல்மணித் தலை காணாமல் போய்விடுமோ என்று நான் அஞ்சினேன். அவரோ அதை நகக்கண்ணால் தள்ளிக் கழுத்தருகே கொண்டுவந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரனைப் போலப் பசையைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்காமல், “இவரு எங்க பாக்கணும்ங்கய்யா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். “அப்ப நான் வைக்கக் கூடாதுங்க. செஞ்ச பிள்ளைக்குத்தான் தெரியும்” என்று டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

சென்னைக்கு வந்த அன்று மாலை, பேரனிடம் முதலில் ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். ரெசினுக்கு ஈரமில்லை, ஆனால் இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் ஒரே மாதிரி சொரசொரப்பாக்க வேண்டும் என்பது அதற்குச் சமானந்தான் என்றான். தலையைச் சோப்பு நீரில் கழுவினான். கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியால் கழுத்திலும் தலையிலும் துளையிட்டான். பித்தளைக் கம்பியை வெட்டிச் செருகினான். பசைக் குப்பியைத் திறக்கப் போனவனிடம், வேளார் என்னைக் கேட்டதை அப்படியே கேட்டேன்.

அவன் கை நின்றது. பாலைவனப் பலகையை இழுத்து, தலை பொருந்தாத சிப்பாயை அவனுக்குரிய இடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து அறை வாசல்வரை பின்னுக்கு நடந்துபோய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “நேராகத்தான் ஒட்டியிருந்தேன் தாத்தா” என்றான் மெதுவாக, “அவன் டாங்கியையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை.” திரும்பி வந்து, பசை வைக்காத கம்பியின் மேல் தலையைச் செருகி, இடப்பக்கமாக மயிரிழை திருப்பினான், பிறகு சற்றே தாழ்த்தினான், மறுபடி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஊசி முனையில் ஒரு துளி பசையைத் தொட்டு வைத்தான்.

நான் இம்முறை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அடுப்பண்டை குந்தியிருந்த ஆங்கிலேயன் இத்தனை நாளும் வெறும் காற்றுக்கு நீட்டிக்கொண்டிருந்த குவளையை, தலைப்பாகைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.